நீலகிரி மலைச்சாலையில் கொடி பிடிக்கப் போகிறீர்களா? முதல் நாளுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் ஏதாவது ஒரு வளைவில் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். ஓரிடத்தில் தடுப்புச்சுவர் கட்டுவார்கள், இன்னோரிடத்தில் மழைக்குச் சரிந்த மண்ணை ஜே.சி.பி. வைத்து அள்ளுவார்கள், கொஞ்சம் மேலே போனால் தார் போடுவார்கள். கோத்தகிரி சாலையும் கூடலூர் சாலையும் மஞ்சூர் சாலையும் அப்படித்தான். அந்த இடங்களில் கொடியோடு ஓர் ஆள் நிற்பார். பெரும்பாலும் அன்றைக்குத்தான் வேலைக்கு வந்தவராக இருப்பார். "தம்பி, நீ போய் அந்த வளைவுல நின்னு வண்டிய நிறுத்து" என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருப்பார். மண் வேலையும் கலவை வேலையும் தெரியாதவர் கையில்தான் முதலில் கொடி போகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

முதல் வாரமே பட்டுத் தெரிந்துகொண்டேன். காட்டேரி பூங்காவுக்குக் கீழே வேலை. ஜே.சி.பி. பக்கத்திலேயே, வளைவு முடிந்து இருபது அடி தள்ளி நின்றேன். மேலிருந்து வந்த நாலு வண்டிகளை நிறுத்தினேன். அந்த நாலாவது வண்டி வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றது எனக்குத் தெரியவில்லை. கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு பிக்கப் அந்தக் காரின் பின்னால் வந்து இடித்தது. காருக்குள் இருந்த அம்மாவுக்குக் கழுத்தில் அடி. பிக்கப் ஓட்டி வந்தவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் கேட்டதில்தான் இந்த வேலை முழுவதும் இருக்கிறது. கொடி பிடிப்பது என்றால் ஓட்டுநருக்கு நேரம் வாங்கிக் கொடுப்பது. எங்கே நிற்பது, என்ன உடுப்பது, எப்படிக் கை காட்டுவது எல்லாம் அதற்காகத்தான். கீழே நான் எழுதுவதில் ஏதாவது மறந்துபோனால், "ஓட்டுநருக்கு நேரம் கிடைக்கிறதா?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஒரு கணக்கு

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் நகர்கிறது. உங்களைப் பார்த்து, புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக இரண்டரை நொடி ஆகும் என்றுதான் நம் நாட்டுச் சாலை வடிவமைப்பில் கணக்கு வைக்கிறார்கள். அதற்குள்ளேயே 28 மீட்டர் போய்விடும். அதன் பிறகுதான் பிரேக் பிடிக்கவே தொடங்கும். ஆக மொத்தம் நிற்க 45 மீட்டர் வேண்டும். 30 கிலோமீட்டர் வேகம் என்றால் 30 மீட்டர், 50 என்றால் 60 மீட்டர்.

இது சமமான சாலைக்கு, நல்ல டயருக்கு. நம் ஊர் இறக்கத்தில், மழை ஈரத்தில், மூட்டை ஏற்றிய வண்டிக்கு இதைவிட அதிகம் வேண்டும். ஒரு ஆளின் நடை சுமார் முக்கால் மீட்டர், ஆகவே 45 மீட்டர் என்பது 60 எட்டு. நான் புதியவர்களிடம் 100 எட்டு என்று சொல்கிறேன். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து வண்டி வரும் பக்கமாக ஓரமாக 100 எட்டு எண்ணி நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். நின்ற இடம் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். காலையில் வேலை தொடங்கும் முன் இதை ஒரு முறை செய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

உடுப்பும் பொருளும்

ஒளிரும் பட்டை வைத்த ஜாக்கெட், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள தலைக்கவசம், விசில், கைப்பலகை, கொடி, பிடிப்புள்ள பூட்ஸ். இவ்வளவும் உங்கள் கையில் இருந்தால்தான் சாலையில் இறங்க வேண்டும். இவற்றைக் கொடுப்பது கான்ட்ராக்டர் பொறுப்பு. கேட்கத் தயங்க வேண்டாம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சாலை அமைப்பதிலும் பராமரிப்பதிலும் பாதுகாப்பு விதிமுறையை மீறி, அதனால் உயிர் போனாலோ உடல் ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அதிகார அமைப்புக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நீங்கள் ஜாக்கெட் கேட்பது அவர்களுக்கும் நல்லதுதான்.

ஜாக்கெட்டை எல்லாவற்றுக்கும் மேலே போடுங்கள். சமவெளியில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் மலையில் காலை ஏழு மணிக்குக் குளிருக்கு ஸ்வெட்டர் போடுகிறோம், பத்து மணிக்குச் சாரல் வந்ததும் அதன் மேல் மழைக்கோட்டு போடுகிறோம். கறுப்பு மழைக்கோட்டுக்குள் ஒளிரும் ஜாக்கெட் ஒளிந்துவிடும். புடவையோடு வேலை செய்யும் அக்காமார் முந்தானையை ஒளிரும் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ள வேண்டும், தோளில் போடும் துண்டு பட்டையை மறைக்கக் கூடாது. குடை பிடித்துக்கொண்டு கொடி காட்டவே கூடாது. ஒரு கை குடைக்குப் போய்விடும், முகமும் மறைந்துவிடும்.

பலகை என்பது ஒரு பக்கம் சிவப்பில் "நில்", மறுபக்கம் பச்சையில் "செல்" என்று எழுதிய, கைப்பிடி வைத்த பலகை. கொடியைவிட இது நல்லது. காற்றில் சுருண்டுகொள்ளாது, சொல்வதும் தெளிவாக இருக்கும். கொடி அவசரத்துக்குக் கூடவே இருக்கட்டும். நனைந்த கொடி கம்பில் ஒட்டிக்கொண்டு சிவப்புக் குச்சி போலத்தான் தெரியும், ஆகவே மழை நாளில் மாற்றுக் கொடி ஒன்று பையில் வையுங்கள்.

நிற்கும் இடம்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். நான் பார்த்த விபத்துகளில் பாதிக்கு மேல் கொடிக்காரர் தவறான இடத்தில் நின்றதால் வந்தவை.

நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் 2014-இல் திருத்தி வெளியிட்ட எஸ்.பி. 55 வழிகாட்டியில் வேலை நடக்கும் இடத்தை நாலு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: முன்னெச்சரிக்கைப் பகுதி, வண்டியைப் பக்கவாட்டில் ஒதுக்கும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, பழைய தடத்துக்குத் திரும்பும் பகுதி. புதியவர்கள் மூன்றாவது துண்டிலேயே, அதாவது ஜே.சி.பி. பக்கத்திலேயே போய் நின்றுகொள்கிறார்கள். அங்கே பேச்சுத்துணை இருக்கும், டீ வரும். நீங்கள் நிற்க வேண்டியது முதல் துண்டு முடிந்து இரண்டாவது தொடங்கும் இடத்தில். தனியாக நிற்க வேண்டும். பக்கத்தில் யாராவது வந்து பேசிக்கொண்டு நின்றால், வருகிற ஓட்டுநருக்குச் சாலையோரம் நாலு பேர் நிற்கிறார்கள் என்றுதான் தோன்றும். வண்டியை நிறுத்தச் சொல்லும் ஆள் அவர்களில் யார் என்று அவர் தேட வேண்டியிருக்கும்.

சாலையின் நடுவில் நிற்காதீர்கள். ஓரத்தில், வருகிற வண்டியின் இடப்பக்கம் நில்லுங்கள். முதல் வண்டி முழுதாக நின்ற பிறகு, பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஓரிரு எட்டு உள்ளே வரலாம். அதற்கு முன் கூடாது.

மலையில் ஓரம் என்றாலே இரண்டு விதமான ஆபத்து. ஒரு பக்கம் செங்குத்தான மண் சுவரும் அதன் அடியில் ஓடைக் கால்வாயும். வண்டி உங்கள் மேல் வந்தால் ஒதுங்க இடமில்லை, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். மறுபக்கம் முழங்கால் உயரத் தடுப்பும் அதற்கப்பால் பள்ளமும். பின்னோக்கி ஒரு எட்டு வைத்தால் போதும். ஆகவே நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஓட்டுநர் கண்ணில் படுவேனா என்று பார்த்த கையோடு, ஓட வேண்டி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவேன் என்றும் பார்த்துவையுங்கள். பஸ் நிறுத்தம், தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் பாதையின் வாய், வியூ பாயின்ட்டுக்காக அகலப்படுத்திய இடம், பழைய ரோடு ரோலர் நிறுத்தும் மூலை என்று எங்காவது ஒன்று கிடைக்கும். அது 50 மீட்டர் மேலே இருந்தாலும் அங்கேயே போய் நில்லுங்கள். ஓடும் வழியில் ஜல்லிக் குவியலோ தார் டப்பாவோ இருந்தால் காலையிலேயே நகர்த்திவிடுங்கள்.

யூகலிப்டஸ் நிழலில் நிற்காதீர்கள். வெயிலிலிருந்து நிழலுக்குள் வரும் ஓட்டுநருக்கு ஓரிரு நொடி எதுவும் தெரியாது. நிறுத்தி வைத்த டிப்பர் பின்னாலும் நிற்கக் கூடாது. காலை வெயில் நேராக ஓட்டுநர் கண்ணில் அடிக்கும் வளைவுகள் உண்டு, அங்கே இன்னும் 30 மீட்டர் தள்ளிப் போங்கள்.

கொண்டை ஊசி வளைவு என்றால் ஒரே ஒரு விதி: வளைவுக்குள் யாரையும் நிறுத்தாதீர்கள். குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி, கல்லட்டி இறக்கத்தில் 36. வளைவுக்கு அப்பால் 20 மீட்டரில் வேலை என்றால், நீங்கள் வளைவுக்கு முன்னாலேயே, நேரான துண்டில் வண்டிகளை நிறுத்துங்கள். இடையில் காலியாகக் கிடக்கும் சாலையைப் பார்த்து ஓட்டுநர்கள் "இன்னும் முன்னாடி போலாமே" என்று கேட்பார்கள். போக விடாதீர்கள்.

எச்சரிக்கைப் பலகைக்கும் இதுதான். முக்கோணத்துக்குள் மண்வெட்டியோடு ஆள் இருக்கும் பலகையை வளைவுக்கு முன்னால் வையுங்கள். வளைந்த பிறகு பார்த்து என்ன பயன்? தடத்தைப் பிரிக்க வைக்கும் பிளாஸ்டிக் கோன்கள் மலைக்காற்றில் உருண்டு பள்ளத்தில் விழும், அடிப்பாகத்தில் மணல் மூட்டை வையுங்கள். கல் வைக்க வேண்டாம். கோனை இடித்த வண்டிக்கு அந்தக் கல்லே அடுத்த ஆபத்து.

கை சொல்ல வேண்டியது

நிறுத்த: வண்டியை நேராகப் பார்த்து நில்லுங்கள். "நில்" பக்கம் தெரியும்படி பலகையைத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடியுங்கள். மறு கையை உள்ளங்கை தெரியும்படி உயர்த்துங்கள். கண்ணைப் பாருங்கள். ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டார் என்பது வேகம் குறைவதில் தெரியும், அதுவரை பலகையை ஆட்டாதீர்கள்.

அனுப்ப: பலகையை "செல்" பக்கம் திருப்புங்கள். அப்புறம் நீங்களே பக்கவாட்டில் திரும்பி, பலகை இல்லாத கையால் போகும் திசையை மெதுவாகக் காட்டுங்கள்.

மெதுவாக வரச் சொல்ல: உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மேலும் கீழுமாக நிதானமாக அசைக்க வேண்டும்.

கொடி வைத்திருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். சிவப்புக் கொடியை ஆட்டி யாரையும் "போ" என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் இது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது, வேகமாக ஆட்டினால் போ, அசையாமல் பிடித்தால் நில் என்று கொடிக்காரரே ஒரு கணக்கு வைத்திருப்பார். திண்டுக்கல்லிலிருந்து வரும் ஓட்டுநருக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்? அனுப்பும்போது சிவப்புக் கொடியைக் காலோடு ஒட்டி இறக்கி மறைத்துவிட்டு, வெறும் கையால் காட்டுங்கள்.

இங்கே வரும் ஓட்டுநர்களில் பாதிப் பேர் கர்நாடகமும் கேரளமும். கூடலூர்ப் பக்கம் என்றால் இன்னும் அதிகம். "அஞ்சு நிமிஷம்" என்பதை "ஐது நிமிஷ" என்று சொன்னால் மைசூர்க்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். எத்தனை நேரம், ஏன் என்று தெரிந்தால் யாரும் முந்திக்கொண்டு போவதில்லை. முதல் வண்டி ஓட்டுநரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டு முனை, ஒரே தடம்

சாலையில் பாதி தோண்டிக் கிடக்கிறது, மீதிப் பாதியில் இரு பக்க வண்டிகளும் மாறி மாறிப் போக வேண்டும். மலையில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் மாற்றுப்பாதை கிடையாது. இங்கே நீங்களும் மறுமுனையில் இருப்பவரும் ஒரே ஆளின் இரண்டு கை மாதிரி.

ஒருவர் கண்ணில் மற்றவர் படுகிற தூரம் என்றால் சுலபம். நடுவில் வளைவு இருந்தால் வாக்கி டாக்கி வேண்டும். செல்போனை நம்பாதீர்கள். பர்லியார் பக்கமும் மலை மறைவிலும் சிக்னல் வரும், போகும். வாக்கி டாக்கியில் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "கடைசி வண்டி வெள்ளை ஸ்விப்ட், நாலு ஏழு இரண்டு ஒண்ணு" என்று மேலே இருப்பவர் சொன்னால், கீழே இருப்பவர் "வெள்ளை ஸ்விப்ட், நாலு ஏழு இரண்டு ஒண்ணு, சரி" என்று சொல்ல வேண்டும். அந்த ஸ்விப்ட் தன்னைத் தாண்டிப் போவதைக் கண்ணால் பார்க்கும் வரை கீழே உள்ளவர் பலகையைத் திருப்பவே கூடாது. "இந்நேரம் வந்திருக்கும்" என்று மனக்கணக்குப் போடக் கூடாது. மூட்டை லாரி ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏறினால் 400 மீட்டர் கடக்க இரண்டரை நிமிஷம் ஆகும். நடுவில் ஒரு பைக் நின்று போன் பேசிக்கொண்டிருக்கலாம்.

வாக்கி டாக்கி இல்லாத நாளில் நாங்கள் கட்டை முறை வைத்துக்கொள்வோம். சிவப்பு வெள்ளை பூசிய ஒரு மரக்கட்டை. மேலிருந்து விடும் கடைசி வண்டி ஓட்டுநரிடம் அதைக் கொடுத்து, "கீழே நிக்கிறவர்கிட்ட கொடுத்துடுங்கண்ணா" என்று சொல்லி அனுப்புவோம். கட்டை கைக்கு வந்தால்தான் கீழே உள்ளவர் தன் பக்கத்தைத் திறப்பார். பழைய முறைதான், ஆனால் பேட்டரி தீராது. தோட்டத்துப் பாதை ஏதாவது நடுவில் வந்து சேர்ந்தால் மட்டும் இந்த முறை உதவாது, அங்கே மூன்றாவது ஆள் வேண்டும்.

இரண்டு பக்கமும் வண்டிகள் காத்திருந்தால் யாரை முதலில் விடுவது? ஏறுகிறவரை. அகலம் போதாத மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஒதுங்கி ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது சாலை விதியிலேயே உண்டு. ஏற்றத்தில் நின்ற லாரியைத் திரும்பக் கிளப்புவது எவ்வளவு சிரமம் என்று கிளட்ச் எரியும் வாசனையே சொல்லும். ஏறுகிற பக்கத்தில் நிறுத்தும்போது முடிந்தவரை சமதளமான துண்டில் நிறுத்துங்கள், வண்டிக்கு வண்டி ஒரு வண்டி நீளம் இடைவெளி விடச் சொல்லுங்கள். கிளம்பும்போது எல்லாமே கொஞ்சம் பின்னால் உருளும். லாரி கிளீனர்கள் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைப்பார்கள். கிளம்பும் அவசரத்தில் கல்லை அங்கேயே விட்டுப் போவார்கள். இருட்டியதும் அந்தக் கல்லில் ஒரு பைக் ஏறும். ஒவ்வொரு முறை வண்டியை விட்ட பிறகும் சாலையை ஒரு பார்வை பார்த்து, கல்லை எடுத்து ஓரத்தில் போடுங்கள். யாரும் உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டார்கள், இருந்தாலும் செய்யுங்கள்.

இறங்குகிற பக்கம் நிற்பவருக்கு வேறு கவலை. சமவெளியிலிருந்து வரும் பலர் ஊட்டியிலிருந்து முழுக்கப் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவார்கள், சிலர் நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். குன்னூர் தாண்டும்போது பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வந்திருக்கும். கருகிய வாசனை, சக்கரத்தில் புகை, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்த ஓட்டுநர், விடாமல் அடிக்கும் ஹாரன் என்று இதில் எதைக் கண்டாலும் நிறுத்த முயலாதீர்கள். பலகையை விட்டுவிட்டு நீங்கள் பார்த்துவைத்த பக்கம் ஓடுங்கள், ஓடும்போதே விசில் அடியுங்கள். நீண்ட ஒரு விசில் என்றால் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தடத்தை விட்டு விலக வேண்டும் என்று காலையிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். பிரேக் சூடான வண்டி சரியாக நின்றுவிட்டால், அரை மணி நேரம் ஓரம் கட்டி ஆறவிட்டு, இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லுங்கள். கோபப்படாமல் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள், குழந்தைகளோடு வந்தவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

வரிசையின் வால்

காட்டேரியில் நான் தவறவிட்டது இதைத்தான். நீங்கள் நிறுத்தும் முதல் வண்டியைவிடக் கடைசி வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம். வால் வளைவைத் தொட்டுவிட்டதா என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் இடத்திலிருந்து தெரியாது என்றால், வாலுக்குப் பின்னால் இன்னோர் ஆள் கொடியோடு நிற்க வேண்டும். வரிசை நீள நீள அவரும் மேலே நடந்துகொண்டே போக வேண்டும். அப்படி ஆள் இல்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு வண்டிகளை விடச் சொல்லுங்கள். மேஸ்திரி ஒத்துக்கொள்ள மாட்டார். ஒரு லோடு மண் பத்து நிமிஷம் கழித்துப் போகலாம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் வரிசை சட்டென்று நீளும். 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கு இ-பாஸ் வந்த பிறகும் சீசன் நாளில் கூட்டம் கூட்டம்தான். அந்த நாட்களில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி போலீஸ் ஒரு வழிப்பாதை வைப்பதுண்டு. ஒரு வழிதானே என்று எதிர்ப்பக்கத்தைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள், ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமிருந்தும் வரும். கூடலூர்ப் பக்கம் வேலை என்றால் காலை நேரம் கவனம். பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருப்பதால், திறந்ததும் வண்டிகள் ஒரு கொத்தாக வந்து சேரும்.

108 வண்டியின் சத்தம் கேட்டவுடன் இரண்டு முனையையும் நிறுத்துங்கள், தடத்தைக் காலி செய்து அதை முதலில் விடுங்கள். உங்கள் இடத்திலேயே விபத்து நடந்து நீங்கள் 108-க்குக் கூப்பிட வேண்டி வந்தால், இடம் சொல்லத் தடுமாறாதபடி அருகிலுள்ள கிலோமீட்டர் கல் எண்ணையோ கொண்டை ஊசி வளைவு எண்ணையோ காலையிலேயே உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூடுபனி வந்தால்

குன்னூரில் மூடுபனி கதவைத் தட்டிவிட்டு வராது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருக்கும் தேயிலைச் சரிவு காணாமல் போகும். வந்தவுடன் மேலே சொன்ன 100 எட்டுக் கணக்கை மறுபடி பாருங்கள். ஒளிரும் எல்.இ.டி. தடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், எச்சரிக்கைப் பலகையை இன்னும் ஒரு வளைவு தள்ளி நகர்த்துங்கள், நிற்கும் வண்டிகளை விளக்கு மினுக்கச் சொல்லுங்கள். காது முக்கியம். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முனகி வரும் அரசு பஸ்ஸும், இறக்கத்தில் சத்தமே இல்லாமல் வழுக்கி வரும் காரும் வேறு வேறு சத்தம். ஒரு மாதத்தில் பழகிவிடும். 45 மீட்டர் தள்ளி இருக்கும் ஆள் தெரியவில்லை என்றால் ஒரு தடம் அடைக்கும் வேலையை நிறுத்திவைக்க வேண்டும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

மேலேயும் பார்க்க வேண்டும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்கு மழை. ஜூன் முதல் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்கு மழை. 2009 நவம்பரில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை இந்த மாவட்டம் இழந்தது. மற்றவர்கள் குனிந்து வேலை செய்யும்போது நிமிர்ந்து நிற்பவர் நீங்கள்தான், ஆகவே சரிவில் ஏற்படும் மாற்றம் முதலில் உங்கள் கண்ணில்தான் படும். சின்னக் கற்கள் உருண்டு வருவது, தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது, நேற்று நேராக நின்ற மரம் சாய்ந்திருப்பது, சாலையில் புது வெடிப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் நீண்ட விசில். சரிவுக்குக் கீழே யாரும் இல்லை என்று உறுதியான பிறகு மேஸ்திரியிடம் விளக்கம் சொல்லிக்கொள்ளலாம். வெட்டிய சரிவின் நேர் கீழே நீங்களும் நிற்காதீர்கள், வண்டி வரிசையையும் நிறுத்தாதீர்கள்.

பர்லியார், குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழம் பழுக்கும் காலத்தில் யானை சாலைக்கு வரும். விசில் அடிக்காதீர்கள், சிவப்புக் கொடியை ஆட்டாதீர்கள். இரண்டு முனையிலும் வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்க வேண்டாம் என்று சொல்லி, நீங்களும் ஏதாவது ஒரு வண்டிக்குள் ஏறிக்கொள்ளுங்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். காட்டெருமை என்றால் அதற்கும் தோட்டத்துக்கும் நடுவில் நிற்காமல் வழி விட்டால் போதும், தானாகப் போய்விடும்.

மாற்று ஆள்

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்று ஆள் கேளுங்கள். குளிரில் அசையாமல் நின்றால் கண் திறந்திருந்தாலும் கவனம் போய்விடும். டீ குடிக்க, சாப்பிட, ஒதுங்க எதற்காகப் போனாலும் பலகையை அடுத்தவர் கையில் கொடுத்த பிறகுதான் நகர வேண்டும். பெண்கள் வேலைக்கு நிற்கும் இடத்தில் கழிப்பிடம் எங்கே என்று காலையிலேயே சூப்பர்வைசர் சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டத்து லயன் வீட்டிலோ டீக்கடையிலோ பேசி வைப்பது பெரிய காரியம் இல்லை. அதைச் செய்யாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்று மயங்கி விழுந்த அக்காவை நான் பார்த்திருக்கிறேன். மலைக்குளிரிலும் தண்ணீர் வேண்டும்.

வேலை முடிந்ததும்

முதலில் ஜே.சி.பி.யும் டிப்பரும் தடத்தை விட்டுப் போகட்டும். டிப்பர் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பும்போது இரண்டு முனையும் மூடியிருக்க வேண்டும், அதன் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அப்புறம் வேலை நடந்த இடத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகக் கோன்களை எடுத்துக்கொண்டே வாருங்கள். எச்சரிக்கைப் பலகை கடைசி. தோண்டிய குழி இரவில் அப்படியே கிடக்கும் என்றால், ஒளிரும் பட்டை ஒட்டிய தடுப்பும் மினுக்கும் விளக்கும் வைத்துவிட்டு, கொஞ்ச தூரம் மேலே நடந்து போய், ஓட்டுநர் கண்ணால் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். வேலை முடிந்துவிட்டது என்றால் "வேலை நடக்கிறது" என்ற பலகையை விட்டுப் போகாதீர்கள். இரண்டு நாள் வெறும் பலகையைப் பார்த்துப் பழகிய உள்ளூர் பஸ் டிரைவர், மூன்றாவது நாள் நீங்கள் உண்மையாகவே நிற்கும்போது வேகத்தைக் குறைக்க மாட்டார்.

சாலையில் சிந்திய ஜல்லியைக் கூட்டித் தள்ளிவிட்டு, சக்கரத்துக்கு வைத்த கற்கள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கடைசியாக ஒரு நடை நடங்கள். கடைசிப் பலகை வண்டியில் ஏறி, நீங்களும் ஏறி உட்கார்ந்த பிறகு ஜாக்கெட்டைக் கழற்றலாம்.